அடுக்களை மேடையா, சந்தைக்கடையா?

உங்கள் வீட்டு அடுக்களை மேடையில் இந்த நிமிஷம் என்னென்ன இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். மிக்ஸி, அதன் மூன்று ஜார்கள், பாதி வெட்டிய பால் உறை, மின்சாரக் கட்டண ரசீது, யாரோ தேடிக்கொண்டிருக்கும் மூக்குக் கண்ணாடி, எந்தப் பாத்திரத்துக்கும் சேராத ஒரு மூடி. சரிதானே? கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டிலும் இதே கதைதான்.

எங்கள் ஆச்சியின் அடுக்களையில் இந்தத் தொல்லை கிடையாது. காரணம் ரொம்பச் சுலபம்: மேடையே கிடையாது! தாமிரபரணிக் கரையில் பழைய வீடு என்றால் தார்சா, பட்டாசல், அதற்குப் பின்னால் அடுக்களை. அடுப்பு தரையில். ஆச்சி மணை போட்டு உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி, சுவரில் மாடக்குழி, தலைக்கு மேலே உறியில் தயிரும் நெய்யும், மூலையில் ஊறுகாய்ப் பரணி, ஏனம் கழுவ அங்கணம். தரையில் ஒரு சாமானை அநாவசியமாக வைத்தால் யார் காலாவது இடறும். ஆகவே எதற்கும் ஓர் இடம் உண்டு. காருக்குறிச்சிப் பானைகூடப் புரிமணையை விட்டு நகராது.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், பிறகு காஸ் அடுப்பும் வந்தன. பெண்கள் எழுந்து நின்று சமைக்கலானார்கள். முதுகுக்கும் முழங்காலுக்கும் அது பெரிய சௌகரியம். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை இருந்தால், கையில் இருப்பதை அதன்மேல் வைக்கத்தானே தோன்றும்? 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனையோ வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அம்மி பின்கட்டுக்குப் போயிற்று. புது விருந்தாளிகள் மேடையிலேயே குடியேறிவிட்டார்கள்.

இந்த வம்பை முன்கூட்டியே யோசித்த ஒரு பெண்மணி உண்டு. 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துப் புதுக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான்! அதற்குள் அரிசி, சர்க்கரை முதலானவற்றுக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். மேடையில் டப்பாவுக்கு வேலையே இல்லை. சீமை அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

காலி மேடையின் அருமை சொதி வைக்கும் நாளில் தெரியும். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிந்து வைக்கவேண்டும். தண்ணீராக இருக்கும் பாலில் காய் வேகும். கெட்டியான முதல் பால் இறக்குகிற சமயத்தில்தான். ஒரு மறுவீட்டு விருந்தன்று மேடையில் கிடந்த பத்திரிகையை அவசரமாக இழுத்தேன். அதன்மேல் இருந்த முதல் பால் முழுவதும் தொட்டிக்குள் போயிற்று! சம்பந்தி வீட்டார் மரியாதைக்குப் பேசாமல் சாப்பிட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருந்த மதினிதான், "ஏட்டி, இது மேடையா, சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டார்.

மதினி வீட்டுச் சட்டம் கடுமையானது. இராத்திரி படுக்கப் போகுமுன் மேடையில் அடுப்பைத் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது. வேளைக்கு வேளை கை படுகிற உப்பும் எண்ணெயும் ஒரே தட்டில் அடங்கவேண்டும். தட்டைத் தூக்கினால் துடைத்துவிடலாம். மிக்ஸி வேலை முடிந்ததும் கீழ்த் தட்டுக்கு. காகிதம் எதுவும் அடுக்களை வாசற்படியைத் தாண்டக்கூடாது. அண்ணன் இதையெல்லாம் கேலி செய்வார்.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மதினி வீட்டில் வெள்ளம் புகுந்தபோது விளக்கில்லை. இருட்டில் தடவித் தடவி எதையும் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை, மேடை காலி. அரிசி மூட்டை, பருப்பு, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் இருந்த டிரங்குப் பெட்டி எல்லாம் ஏறின. மிச்சமிருந்த இடத்தில் பேரப்பிள்ளைகள் இரண்டும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்து நின்றது; மேடையைத் தொடவில்லை.

வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். "எல்லாம் தப்பிச்சிட்டு. மிக்ஸிதான் போச்சு; கீழ்த் தட்டுல வச்சேம்லா!" என்று மதினி சிரித்தார். பின்கட்டில் அம்மியைக் கழுவி வைத்திருந்தார். அதில் அரைத்த துவையலோடுதான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு.