வலி போய்விட்டது, தள்ளாட்டம்?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனவரிடம் நலம் விசாரித்தால், "இப்போ வலியே இல்லைங்க" என்பார். நின்றபடி பேன்ட் மாட்ட முடிகிறதா, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் சுவரைப் பிடிக்காமல் திரும்ப முடிகிறதா என்று கேளுங்கள். பலர் தயங்குவார்கள்.

கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்பவை தசைகளிலும் தசைநார்களிலும் உள்ள நரம்பு முனைகள். பல வருடத் தேய்மானம் அந்த உணர்வை ஏற்கெனவே மழுக்கியிருக்கும். பெரும்பாலான முழு மூட்டு மாற்றில் முன் சிலுவைத் தசைநாரையும் எடுத்துவிடுவார்கள். தொடையின் முன்தசை முதல் மாதத்தில் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கிறது. இதோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால், ராத்திரி பாத்ரூம் போகிற பத்தடி தூரம் போதும் விழுவதற்கு. செயற்கை மூட்டுக்கு மேலே தொடை எலும்பு முறிந்தால் மறுபடி பெரிய ஆபரேஷன்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. காலை மடக்கி நீட்டும் பயிற்சி மட்டும் தள்ளாட்டத்தைச் சரிசெய்யாது. சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் அடி வைப்பது, மெல்லத் திரும்புவது என்று சமநிலைக்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். எப்போது தொடங்குவது என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவிலை வைத்தது. பில்லில் அதன் விலை, பிராண்டு, பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும். அதை விசாரிக்கிறவர்கள்கூட, பேக்கேஜில் பிசியோதெரபி எத்தனை நாள் என்று கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒப்புக்கொண்ட பயிற்சியைத் தராமல் அனுப்பிவிட்டார்களா? சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.