உப்புக் காற்றும் வைஃபையும்

சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலக் கடற்கரையில் அமெரிக்காவின் குரல் வானொலிக்குப் பெரிய ஒலிபரப்பு நிலையம் ஒன்று இருந்தது. 1990களில் அது வரப்போகிறது என்றதும் அந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். இருந்தும் நிலையம் வந்தது, 2016 வரை இருந்தது. நூற்றுக்கணக்கான கிலோவாட் வலுவோடு அங்கிருந்து கிளம்பிய சிற்றலைகள் மேல்வானத்து அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்து தொலைதூர நாடுகளில் இறங்கின. இன்று அதே கரையில் வீட்டுக்கு வீடு ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. மேசை மூலையில் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரைத்தான் சொல்கிறேன். அதன் வலு ஏறத்தாழ பத்தில் ஒரு வாட். குசினிச் சுவரைத் தாண்டவே அதற்கு மூச்சு வாங்குகிறது.

இந்தச் சின்ன நிலையம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது தெரியாததால் நம் பக்கத்துக் குடும்பங்கள் வீணாகச் செலவழிக்கும் பணம் கொஞ்சமல்ல. பிள்ளையின் சூம் வகுப்பு பாதியில் நின்றால் புதிய ரவுட்டர். அதுவும் சரிவராவிட்டால் சிக்னல் பெருக்கி என்று ஏதோ ஒரு பெட்டி. கடைக்காரர் கேட்பதைக் கொடுத்துவிட்டு வருகிறோம், வீட்டில் வேகம் பழையபடியேதான் இருக்கிறது.

வைஃபை என்பது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தூரத்து இணைப்பு மட்டும்தான். ரவுட்டரிலிருந்து வெளியுலகுக்குப் போகும் பாதை வேறு. அது கற்பிட்டி, நுரைச்சோலை, உடப்பு போன்ற இடங்களில் பல வீடுகளுக்கு சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வழியாகக் கோபுரத்துக்குப் போகிறது. பழைய வீட்டுத் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்குச் செப்புக் கம்பி, ஃபைபர் வந்த தெருக்களில் கண்ணாடி இழை. கணினித் திரையின் மூலையில் தெரிகிற விசிறி போன்ற குறியின் கோடுகள் முதல் பாதையின் வலுவை மட்டுமே காட்டும். அவை முழுதாக நிறைந்திருக்கும்போதே இரண்டாவது பாதை திணறிக்கொண்டிருக்கலாம். அப்போது ரவுட்டரை மாற்றுவது, கிணறு வற்றியிருக்கக் குழாயை மாற்றுவது போன்ற வேலை.

எந்தப் பாதையில் நோய் என்று கண்டுபிடிக்கக் கணினிக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. விண்டோஸில் தேடும் பெட்டியில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். முகவரி ரவுட்டரின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. கணினி நான்கு முறை ரவுட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று வரிவரியாக எழுதும். 2, 3, 2, 5 என்று வந்தால் வைஃபையில் குறையே இல்லை. அடுத்ததாக 8.8.8.8 என்ற முகவரியைக் கூப்பிடுங்கள். அது கூகுள் நிறுவனத்துக்குரியது, வீட்டுக்கு வெகுதூரம் வெளியே இருப்பது. இங்கே 60, பிறகு 900, பிறகு நேரம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு என்று வந்தால், நோய் ரவுட்டருக்கு வெளியே. ரவுட்டரைக் கூப்பிடும்போதே எண்கள் நூற்றுக்கணக்கில் துள்ளினால் நோய் வீட்டுக்குள். இரண்டும் நன்றாக இருந்தும் இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காவிட்டால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் கோளாறு. அமைப்புகளுக்குள் போய் அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாம் இரண்டு நிமிட வேலை. இதைச் செய்து பார்க்காமல் ஒரு ரூபாகூடச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

சில நேரம் வேகம் குறைவதில்லை, இணைப்பே மறுக்கப்படுகிறது. வைஃபை இணைந்திருக்கும், ஆனால் இன்டர்நெட் இல்லை என்று கணினி சொல்லும். கணினி இதை எப்படித் தெரிந்துகொள்கிறது? வைஃபையில் சேர்ந்தவுடன் விண்டோஸ் மைக்ரோசொஃப்டின் சேவையகம் ஒன்றிலிருந்து சின்னஞ்சிறு எழுத்துக் கோப்பு ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறது. அது வந்து சேராவிட்டால் இன்டர்நெட் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. அந்த நேரத்தில் கறுப்புச் சாளரத்தில் ஐபிகொன்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி தரவே இல்லை, கணினி தானாக ஒன்றைச் சூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டால் அநேகமாகச் சரியாகும். திரும்பத் திரும்ப இதே நிலை வந்தால் இணைந்திருக்கும் கருவிகளை எண்ணிப் பாருங்கள். சட்டைப் பைக்குள் வைக்கும் சின்ன ரவுட்டர்கள் சில, ஒரே நேரத்தில் பத்துக் கருவிகள்வரைதான் ஏற்கும். இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் பதினோராவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

டேட்டாக் கணக்கையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பொதிகள் பலவற்றில் எந்நேரமும் பாவிக்கக்கூடிய பங்கு ஒன்று, நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய பங்கு ஒன்று. பகல் பங்கு தீர்ந்ததும் நிறுவனத்தைப் பொறுத்து இணைப்பு நின்றுவிடும், அல்லது நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். தீர்த்தது யார் என்று தேடினால் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை ஓசையில்லாமல் இறக்கிக்கொண்டிருக்கும், போன்கள் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். வைஃபை அமைப்பில் இந்த இணைப்பு அளந்து தரப்படுவது என்று குறித்துவிட்டால் விண்டோஸ் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேகம் குறைய இன்னொரு காரணம் நம் புத்தளம் மாவட்டத்துக் கசப்பான நினைவோடு சேர்ந்தது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஃபேஸ்புக் பதிவு ஒன்றை வைத்து வன்முறை வெடித்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அதற்குச் சற்று முன் நடந்த ஈஸ்டர் தாக்குதலை அடுத்தும், பின்னர் 2022 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. தடையைத் தாண்ட எத்தனையோ பேர் இலவச விபிஎன் செயலிகளை இறக்கினார்கள். தடை போனது, செயலி மட்டும் பல கருவிகளில் அப்படியே தங்கிவிட்டது. இன்றும் அது ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் ஒவ்வொரு சொடுக்கும் எங்கோ ஒரு நாட்டின் நெரிசலான சேவையகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வீடு திரும்பும். அதைக் கழற்றியவுடன் வேகம் கூடும். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத வழியில் கடவுச்சொற்கள் போய்வருவதும் நிற்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். தூரம் போகும், சுவரை ஓரளவு ஊடுருவும். இரண்டாவது வேகமானது, ஆனால் ஒரு சீமெந்துச் சுவருக்கே தளர்ந்துவிடும். 2.4 இல் இன்னொரு தொல்லை. நுண்ணலை அடுப்பும் புளூடூத்தும் அதே வரிசையில்தான் வேலை செய்கின்றன. பதின்மூன்று தடங்கள் இருப்பதாகப் பட்டியலில் தெரிந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். தென்னந்தோப்பு நடுவே தனித்து நிற்கும் வீட்டில் இது பொருட்டல்ல. புத்தளம் நகரத்துக்குள் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் தடம் மாற்றிப் பார்ப்பது பலன் தரும்.

தகரத்தை இந்த அலைகள் ஊடுருவாமல் பட்டுத் திரும்பிவிடும். ஆகவே தகரக் கூரைக்கு மேலே அலை போகாது. தகரத் தடுப்பு போட்ட அறைக்குள்ளும் சரியாக வராது. பிரிட்ஜ், இரும்பு அலுமாரி, ஆளுயரக் கண்ணாடி மூன்றும் அப்படித்தான். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். நீர்த்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டர் வைக்கக் கூடாது. மழையில் நனைந்த கிடுகு வேலிக்கு அப்பால் முற்றத்துக் கொட்டிலில் சிக்னல் குறைவதும் இதனால்தான். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. ரவுட்டர் ஒரு தடத்தில் ஒருவரோடு கதைக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கடைசி அறையில் பலவீனமான சிக்னலோடு தொங்கிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வதால் வீடு முழுவதும் மெதுவாகும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் வயர் இழுத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் வேகம் கூடும்.

சுவர்களில் பட்டுச் சிதறும் அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று குழப்புவது ஒருகாலத்தில் பெரிய தடையாக இருந்தது. 1990களில் அதற்கு வழி கண்டவர்களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓசலிவன் தலைமையில் வேலை செய்த குழுவும் ஒன்று. அவர் வெடிக்கும் கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பைத் தேடிய வானியலாளர். விண்ணிலிருந்து வரும் கலங்கிய சிக்னலைத் தெளிவாக்கப் பழகிய கணிதம், வீட்டுச் சுவர்களுக்கும் உதவியது.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அது உப்பு. புத்தளத்தில் உப்பளங்கள் அமைந்ததற்குக் காரணமான வெயிலும் காற்றும் வீட்டுக்குள்ளும் வருகின்றன. மாம்புரியில் காற்றாலைகளைச் சுழற்றும் சோளகக் காற்று, அலைநுரையிலிருந்து பொடித்துளிகளை அள்ளிக்கொண்டு வந்து யன்னல் வழியே கொட்டுகிறது. துளி காய்ந்தால் மிச்சம் உப்புத் தூள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். ரவுட்டரின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே படிந்த உப்பு இரவில் கசிந்து, மின்சுற்றில் போகக்கூடாத இடத்தில் மின்னோட்டம் போக வழி செய்கிறது, பகலில் காய்ந்துவிடுகிறது. பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் விட்டு விட்டு வேலை செய்யும் ரவுட்டரை, கோபுர நெரிசல் இல்லை என்று பிங் காட்டினால், இந்தச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ரவுட்டரின் பின்பக்கத்து லான் வயரைக் கழற்றி, டோர்ச் அடித்து உற்றுப் பாருங்கள். எட்டுச் சின்னஞ்சிறு தகடுகள் பொன்னிறமாக வரிசையாக நிற்க வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டில் பச்சைப் பொடி படிந்திருந்தால் அது செம்பில் பிடித்த களிம்பு. தகட்டின் மேல் பூசிய தங்கம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். களிம்பு ஆழமாக இருந்தால் வயரின் தலையை வெட்டிப் புதியது பொருத்துவதே நல்லது, செலவு மிகக் குறைவு. செப்புக் கம்பி இணைப்புக்காரர்களுக்கு இன்னொரு சோதனை. வீட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். அமைதி வராமல் கரகரவென்று சத்தம் கேட்டால், தூணிலோ வீட்டு வாசலிலோ உள்ள முடிச்சில் துரு பிடித்திருக்கும். அதே கம்பியில் வரும் இன்டர்நெட்டும் அந்தச் சத்தத்தில்தான் தத்தளிக்கிறது. அதை நிறுவனத்தார் வந்துதான் திருத்த வேண்டும்.

தோட்டத்து நீர் மோட்டார் கிளம்பும்போது விளக்கு ஒரு கணம் மங்குவதைக் கற்பிட்டியில் பார்க்கிறோம். நல்ல அடாப்டர் அதைத் தாங்கும். வயதான அடாப்டர் தாங்காது, ரவுட்டர் மறுபடி தொடக்கத்திலிருந்து கிளம்பும். ரவுட்டரை மாற்றுமுன் அதே வோல்ட்டும் குறையாத அம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் பொருத்திப் பாருங்கள்.

நோய் வெளியே என்று பிங் சொன்ன 4ஜி வீடுகளுக்கு இடம்தான் மருந்து. உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தால், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் கிடைக்கும். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110 பலவீனம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் குறைவிலும் வலு பாதியாகிறது. கடல் ஒரு பக்கமும் களப்பு மறுபக்கமுமாகக் கிடக்கும் கற்பிட்டி நிலத்துண்டில் கோபுரம் எந்தத் திசையில் என்று அறிந்து, அந்தப் பக்க யன்னலில் வைக்க வேண்டும். நேரே வரும் அலையும் சுவரிலோ நீர்ப்பரப்பிலோ பட்டு வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த அலைகளின் நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு என்பதால், ரவுட்டரை ஒரு சாண் தள்ளி வைத்தாலே எண் மாறும். பொறுமையாக யன்னல் ஓரம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். கோபுரத்துப் பக்கமே கடலுக்கும் முகம் கொடுத்த யன்னலாக இருந்தால் சிக்னலுக்காக உப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; துடைக்கும் வேலை கூடும்.

கோபுரத்தின் கொள்ளளவு அதைச் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் பொது. இரவு ஏழிலிருந்து பத்துவரை நெரிசல். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் பெருங்கூட்டம் கூடும்போது இன்னும் நெரிசல். அதை வீட்டுக்குள் எந்தப் பெட்டி வாங்கி வைத்தும் தீர்க்க முடியாது. ஆனால் நிரூபிக்கலாம். ஒரு வாரம் காலை, மாலை, இரவு என்று 8.8.8.8 தந்த எண்களையும் ஆர்எஸ்ஆர்பியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நிறுவனத்துக்குப் பேசும்போது வைஃபை சரியில்லை என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். ரவுட்டர் வரை 3 மில்லிசெக்கன், வெளியே இரவு எட்டு மணிக்கு 900, காலை ஐந்து மணிக்கு 50, ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 88 என்று சொன்னால், சிக்னல் நன்றாக இருந்தும் கோபுரம்தான் நிரம்பி வழிகிறது என்பது அந்தப் பக்கம் உள்ளவருக்குப் புரியும். புகார் இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காதபோது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்; அப்போது அந்த இலக்கமும் எண்களும் கையில் இருக்க வேண்டும்.