பிள்ளை மனசு – 17: “ஒண்ணும் ஆகாதுல்ல?”

“அம்மா, பஸ் கம்பியில கை பட்டுடுச்சு. ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒண்ணும் ஆகாதுடா.”

“நெஜமாவா?”

“நெஜமாதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பேச்சு விடிந்தது முதல் படுக்கும்வரை ஓடும். வேண்டாத எண்ணம் ஒன்று வந்து பிள்ளையைப் பதறவைக்கும், அது தணிய எதையாவது செய்தே ஆகவேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். கை கழுவுவது, தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது, எழுதியதை அழித்து அழித்து நோட்டைக் கிழிப்பது போன்ற சடங்குகள் நம் கண்ணில் படும். அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பதும் அதே வகைதான் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. பிள்ளை பாதிச் சடங்கைச் செய்கிறான், அம்மா மீதியைச் செய்து முடிக்கிறாள்.

பதில் கேட்டதும் ஒரு நிமிடம் நிம்மதி. சொறியச் சொறியச் சுகமாக இருந்து, பிறகு புண்ணாகிற கதைதான். சும்மா விட்டாலும் பதற்றம் தானாக இறங்கும் என்பதை அனுபவித்து அறியும் வாய்ப்பு அந்த மூளைக்குக் கிடைப்பதே இல்லை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். மடி, எச்சில், பத்து, தீட்டு என்று புழங்கும் குடும்பத்தில் நோய் நல்ல பெயர் வாங்கிவிடும். “எங்க பேரன் ரொம்பச் சுத்தம்” என்று பாட்டி பெருமைப்படுவார். விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசிந்தபிறகுதான் சந்தேகம் வரும். சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனதில் ஓடுகிறதே என்று உள்ளுக்குள் செத்துப் பிழைக்கும் பிள்ளைகள் அதையும் சொல்வதில்லை. சொன்னால் திட்டாதீர்கள். அந்த எண்ணம் அவர்கள் விரும்பி நினைத்ததல்ல. மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் கட்டிய கயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதே அடுத்த சடங்காகிவிடக்கூடும்.

சடங்கைச் செய்யவிடாமல் பதற்றத்தோடு இருக்கப் பழக்கும் சிகிச்சையை லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் எழுதிவைத்தார். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 112 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 12 வாரம் பார்த்தார்கள். இந்தப் பயிற்சியும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்ந்து கிடைத்த 28 பேரில் 15 பேருக்கு நோய் அடங்கியது. பயிற்சி மட்டும் என்றால் 11 பேர், மாத்திரை மட்டும் என்றால் 6 பேர். மருந்தில்லாத போலி மாத்திரையில் ஒரே ஒருவர்.

சரி, நாளை காலையிலிருந்தே பதில் சொல்வதை நிறுத்திவிடலாமா? கூடாது. அதுவும், கழுவுவதை நிறுத்தத் தண்ணீர் மோட்டாரை அணைப்பதும், பாத்ரூம் கதவை உடைக்காத குறையாகத் தட்டுவதும் தண்டனை. பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சிறு பிள்ளை என்றால் நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். ‘தொணதொணப்பான்’ என்று வைத்தால்கூடச் சரிதான். எதிரி அவன், பிள்ளை நம் கட்சி. முதலில் விடுவதற்கு, இருப்பதிலேயே லேசான சடங்கு ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கேட்பதில்லை என்று தொடங்கலாம். அப்போதும் கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: “இது தொணதொணப்பான் கேக்குறது. அவனுக்கு நான் பதில் சொல்றதில்ல. உனக்குப் பதறுதுன்னு தெரியுது, வா, பக்கத்துல உக்காரு.”

தொடக்கத்தில் கேள்வி கூடும், அழுகையும் வரும். அப்போது அடுக்களைப் பக்கம் கூட்டிப்போய்ப் பாட்டி ரகசியமாக “ஒண்ணும் ஆகாதுடா தங்கம்” என்று சொல்லிவிட்டால் அன்றைய பாடு வீண். அதனால் முதல் பேச்சிலேயே பாட்டியையும் உட்காரவையுங்கள். அவருக்கு விளக்குவதுதான் பெரும்பாலும் கடினமான வேலை.

சடங்குகள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, படிப்பும் தூக்கமும் கெட்டாலோ மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவிலும் தமிழிலேயே பேசலாம். மருத்துவர் மாத்திரை எழுதினால் பலன் தெரியப் பல வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளியில் யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)