மாமியார் ஆசனம்

மெக்ஸிகோ தேசத்தில் ஒரு கள்ளிச் செடிக்கு 'மாமியார் ஆசனம்' என்று பட்டப் பெயர். மாமியாரிடம் நன்றாகப் பட்டுத் தெளிந்த யாரோ வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்! உருண்டையான பச்சை உடல். அதன் வரம்புகள் நெடுகிலும் பொன் நிறத்தில் கூரிய முட்கள். 'தங்கப் பீப்பாய்க் கள்ளி' என்று தோட்டக்காரர்கள் அழைப்பது இதைத்தான்.

உலகெங்கும் தோட்டங்களில் இது கொலு வீற்றிருக்கிறது. பிறந்த மண்ணிலோ பரிதாப நிலை! மெக்ஸிகோவின் கெரெத்தாரோ மாநிலத்து மலைச் சரிவுகளே இதன் முக்கியமான தாயகம். 1990-களில் அங்கே ஸிமாப்பான் அணை எழுந்தபோது, இது வளர்ந்த இடங்களில் பெரும் பகுதி நீரில் மூழ்கிற்று. போதாக்குறைக்குச் செடித் திருடர்களும் பெயர்த்துச் சென்றார்கள். இன்று இது அழியும் அபாயத்திலுள்ள இனமாகக் கருதப்படுகிறது.

விதைதான் வழி

சப்பாத்திக் கள்ளியின் மடலை ஒடித்து நட்டால் வேர் பிடித்துவிடும். இதற்கோ மடலும் இல்லை, கிளையும் இல்லை. சாதாரணமாகப் பக்கக் கன்றும் விடுவதில்லை. ஆகவே விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும்.

மணலையும் மக்கிய இலை உரத்தையும் சலித்துக் கலந்து, அடியில் துளையுள்ள ஆழமற்ற சட்டியில் நிரப்பி, விதையை மேலாகத் தூவ வேண்டும், புதைக்கலாகாது. கண்ணாடித் துண்டால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஈரம் காயாமல் காத்தால் இரண்டொரு வாரங்களில் பச்சைக் குமிழ்கள் தலைகாட்டும். பிறகு மூடியைச் சிறிது சிறிதாக விலக்கிக் காற்றுக்குப் பழக்க வேண்டும். ஓராண்டு வரை பிடுங்கி நட அவசரப்படக் கூடாது. வளர்ந்த செடிக்கு, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடலாம். தேங்கிய நீர்தான் அதற்கு எமன்.

பூவுக்குக் காத்திருப்பு

உச்சியிலுள்ள பஞ்சு போன்ற ரோமத்தினிடையே சிறு மஞ்சள் பூக்கள் வட்டமாக மலரும். அதற்கு 15 ஆண்டுகளோ, அதற்கு மேலுமோ ஆகலாம். தொட்டிலில் குழந்தை கிடக்கும்போது விதைத்தால், அது கல்லூரி வாசலை மிதிக்கும் காலத்தில்தான் பூவை எதிர்பார்க்கலாம்!

அத்தனை காலம் பொறுக்க மாட்டாதவர்களின் அவசரமே காட்டுச் செடிகளைத் திருடர்களின் சரக்காக்கிற்று. நல்ல வேளையாக, இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளில் விதையிலிருந்து வளர்ந்தவை. பெரிய செடியை விலை பேசுகிறவர்கள், அது எங்கே வளர்ந்தது என்பதையும் விசாரித்துக் கொள்வது நலம்.