கரும்பும் நாணலும்

கொங்குநாட்டிற்கும் கரும்பிற்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கிடைத்தற்கரிய கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் என்று ஔவையார் புறநானூற்றுச் செய்யுள் ஒன்றில் குறிப்பிடுகிறார். இன்றும் பவானி பாயும் வயல்களில் கரும்பு செழித்து வளர்கிறது. கவுந்தப்பாடியில் விற்கும் நாட்டுச் சர்க்கரை பழனியில் பஞ்சாமிர்தமாகிறது.

ஆனால், இந்நாட்டின் பெயரைக் கரும்பு விளையும் இடமெல்லாம் பரப்பியது கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டு தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையமாகும். அங்கு உருவாகும் வகைகள் யாவும் ஊரின் முதலெழுத்தாகிய ‘கோ’ என்னும் எழுத்தைத் தாங்கியே வழங்குகின்றன. பஞ்சாப் உழவனும் பீகார் உழவனும் தம் வயலில் விளையும் கரும்பைச் சொல்லும்போது, தாம் அறியாமலே கோயம்புத்தூரின் பெயரைச் சொல்லுகின்றனர்.

நிலையத்திற்கு இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. உழவர் கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகின்றனர். கரணையினின்று எழும் கரும்பு தாய்க்கரும்பை அப்படியே ஒத்திருக்கும். புதிய வகை வேண்டுமாயின் பூவும் விதையும் வேண்டும். வடநாட்டில் கரும்பு பூப்பது அரிது. கோயம்புத்தூரிலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரும்புத் தோட்டம் வெண்கவரி வீசுவது போலப் பூத்து நிற்கும். விதையும் நன்கு முளைக்கும்.

நிலையத்தின் முதல் தலைவராகிய பார்பரும், அவருக்குத் துணையாய் இருந்து பின்னர்த் தலைமை ஏற்ற டி. எஸ். வேங்கடராமனும் முதற்கண் செய்த செயல் பலருக்கு நகைப்பை விளைத்திருக்கும். தடித்து, சாறு நிறைந்து, தேனென இனிக்கும் ‘வெள்ளை’ என்னும் கரும்பிற்கு அவர்கள் மணமகனாகத் தேடியது ஆற்றங்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் தானே முளைக்கும் நாணலை! நாணல் விரலினும் மெல்லியது. அதில் இனிப்பு மிகச் சிறிதே. வயலில் புகுந்தால் உழவன் வேரோடு களைய முயல்வான். அதுவோ எளிதில் அழியாது. அந்த அழியாத் தன்மையே அறிஞர் விரும்பியது. இனிய கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். குளிரையும் வறட்சியையும் தாங்காது. நாணலோ இவை அனைத்தையும் பொறுக்கும்.

அம்மணத்தில் பிறந்த வகையே கோ 205. 1918-ஆம் ஆண்டு அது பஞ்சாப் உழவர்க்கு வழங்கப்பட்டது. அங்கு வழங்கிய மெல்லிய நாட்டுக் கரும்புகளை அது விளைச்சலில் வென்றது. அக்காலத்தில் இந்தியர் உண்ட சர்க்கரையில் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்து கப்பலேறி வந்தது. கோயம்புத்தூர்க் கரும்புகள் பரவிய பின்னரும், 1932-இல் உள்நாட்டு ஆலைகளுக்குச் சுங்கப் பாதுகாப்புக் கிடைத்த பின்னரும் அந்நிலை மாறியது.

இனி ஒரு வினா எழுகிறது. இனிப்பில்லாத நாணலை மணந்தும், பிறந்த பிள்ளை இனிப்பை இழந்துவிடாதது எங்ஙனம்? இதற்கு விடை வயலில் இல்லை. நுண்ணோக்கியின் கீழ் இருந்தது.

ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நுண்ணிய இழைகள் உள்ளன. மரபுப் பண்புகளைத் தலைமுறைதோறும் சுமந்து செல்பவை அவையே. சாயமிட்டால் அவை நிறத்தை நன்கு ஏற்பதால், ‘நிற உடல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் குரோமோசோம் எனப் பெயர் பெற்றன. வளரும் வேர்நுனியை நறுக்கிப் பதப்படுத்திச் சாயமேற்றி நோக்கினால் அவற்றைக் காணலாம். காணலாம் என்பது எளிது, எண்ணுவது எளிதன்று. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இழைகளைப் பிரித்தறிய வேண்டும். மனிதனின் குரோமோசோம் 48 என்றே பல்லாண்டு அறிஞர் நம்பியிருந்தனர். 46 என்பது தெளிவானது 1956-இல்தான். மனிதனுக்கே இந்நிலையெனின், நூற்றுக்கு மேற்பட்ட இழைகளையுடைய கரும்பை எண்ணுவோரின் பொறுமையை என்னென்பது!

இனிய கரும்பின் எண் 80. கோயம்புத்தூர் நாணலின் எண் 64. பொதுவிதி யாதெனில், தாய் தன் எண்ணில் பாதியையும் தந்தை தன் எண்ணில் பாதியையும் பிள்ளைக்குத் தருவர் என்பதாம். அவ்விதிப்படி கோ 205-க்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 குரோமோசோம்கள் இருத்தல் வேண்டும். எண்ணியபோது கிடைத்ததோ 112! நாணல் தந்த 32-ஐக் கழித்தால் எஞ்சுவது 80. அஃதாவது, தந்தை முறைப்படி பாதியே தந்தான். தாயோ தன்னிடம் இருந்த அனைத்தையும் தந்துவிட்டாள். பிள்ளையிடம் இனிப்பு தங்கியதற்குக் காரணம் இதுவே.

இவ்வியப்பை முதலில் கண்டவர் சாவகத்தில் பணியாற்றிய டச்சு அறிஞர் பிரெமர் ஆவார். அங்கும் 80 உடைய கரும்பும் 112 உடைய நாணலும் கலந்து பிறந்த வகையில் 136 இருந்தன. 80-உம் 56-உம் கூடியது அது. நாணலைத் தாயாகவும் கரும்பைத் தந்தையாகவும் கொண்டு கலப்பினம் செய்தால் இவ்வாறு நிகழ்வதில்லை. இருவரும் பாதியே தருகின்றனர். ஆகவே யார் தாய், யார் தந்தை என்பதே இனிப்பை முடிவு செய்கிறது. தாய் ஏன் இங்ஙனம் முழுதும் தருகிறாள் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

1934-ஆம் ஆண்டு இந்நிலையத்திற்கு வந்தவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் உயர்பட்டம் பெற்ற அம்மையார், நாணலையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். வெவ்வேறு இடங்களின் நாணல்களை ஒப்பிட்டு எண்ணியபோது அவற்றின் எண்ணிக்கை ஒன்றாக இல்லை. கண்ணுக்கு ஒரே புல்லாகத் தோன்றுவது, உள்ளே பல படிகளாக விரிந்திருந்தது. பிற்காலத்து எண்ணிக்கைகள் நாணலின் குரோமோசோம்கள் 40 முதல் 128 வரை வேறுபடுதலைக் காட்டின; இந்தியாவில் சிறிய எண்களும், ஆப்பிரிக்காவில் பெரிய எண்களும் மிகுதி. கரும்பை மக்காச்சோளத்தோடும் அம்மையார் கலந்து பார்த்தார். அச்செய்தி 1938-இல் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் நூலாக்கினார். 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிய அவர் 1984-இல் மறைந்தார்.

எண்ணிக்கை மடங்காகப் பெருகுவது செடிகளில் மிகுதி, விலங்குகளில் அரிது. எனினும் நீர்நிலைகளில் வாழும் எளிய நத்தைகளில் அஃது உண்டு. ஆப்பிரிக்காவின் குளங்களில் வாழும் புலினஸ் என்னும் நன்னீர் நத்தைகளுள் சிலவற்றிற்கு 36 குரோமோசோம்கள், சிலவற்றிற்கு 72, எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் 108-உம் 144-உம் உடையனவும் உள. ஓட்டை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் 72 உடைய ஓர் இனம், சிறுநீரில் குருதி கலக்கச் செய்யும் கொடிய புழுவை வளர்த்து மக்களுக்குப் பரப்புகிறது; அதனை ஒத்த, 36 உடைய மற்றோர் இனம் பரப்புவதில்லை. எந்தக் குளம் தீங்கானது என்பதை அறிய, அங்கும் எண்ணிக்கையே துணை செய்தது.

கரும்புக்குத் திரும்புவோம். 80, 64 என்னும் எண்களைக் கணக்கறிந்த மாணவர் உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். இரண்டும் எட்டால் வகுபடுவன. 1990-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒளிரும் வண்ணங்களால் குரோமோசோம்களை அடையாளமிட்டு நோக்கி, இனிய கரும்பு பத்தின் எண்மடங்கு என்றும், 64 உடைய நாணல் எட்டின் எண்மடங்கு என்றும் தெளிவுபடுத்தினர். இக்காலக் கரும்பு வகைகளில் நாணல் வழி வந்த பகுதி நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரையே என்பதும் தெரிந்தது. நோய் தாங்கும் வன்மை பெரிதும் அச்சிறு பகுதியின் கொடையாம்.

அக்கொடையும் என்றும் போதுமானதாக இருப்பதில்லை. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப்பிரதேசத்து வயல்களில் பெரும்பகுதியை நிறைத்தது. ஒரே வகை எங்கும் பரவியிருந்தமையால், சில ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் அதனைக் கடுமையாகத் தாக்கியது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த நாற்றம் வீசும். உழவர் அதனை விடுத்து வேறு வகைகளை நாட வேண்டியதாயிற்று. நோய் தாங்கும் புதிய வகைக்காக ஆராய்ச்சியாளர் மீண்டும் நாடுவது, நாடெங்கும் ஆற்றங்கரைகளில் தேடித் தொகுத்து வைத்துள்ள நாணல்களையே.