சான்றிதழுக்கு ஒரு லட்சமா? எத்திக்கல் ஹேக்கிங் படிக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு...

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போகும்போது, கயத்தாறு நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் காற்றாலைப் பரிசோதனை நிலையம் இருப்பதும் இந்த ஊரில்தான். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே பலருக்கும் தெரிந்த கயத்தாறுக்கு இப்படியும் ஓர் அடையாளம் உண்டு.

இன்றைய காற்றாலை வெறும் றெக்கையும் கோபுரமும் மட்டும் அல்ல. உள்ளே ஒரு கணினி இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு மின்சாரம் வருகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்கிறது. எங்கோ ஒரு அலுவலகத்தில் இருப்பவர்கள் அதை நெட்வொர்க் வழியாகக் கண்காணிக்கிறார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய அதே நாளில், வயாசாட் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையை யாரோ ஹேக் செய்தார்கள். அடி விழுந்தது மோடம்களுக்கு. ஆனால், ஜெர்மனியில் அந்த இணைப்பை நம்பியிருந்த எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. காற்றாலைகள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கண்காணிப்பவர்களுக்குத்தான் கண் கட்டிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2019-ல் நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கம் கொடுத்தது.

திருடன் வருவதற்கு முன்பே, வீட்டுக்காரரின் அனுமதியோடு பூட்டை ஆட்டிப் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்பவர்தான் எத்திக்கல் ஹேக்கர். ஐ.டி துறையில் சப்போர்ட், டெஸ்ட்டிங் வேலைகளில் இரண்டு மூன்று வருடங்களாக ஒரே இடத்தில் நிற்பவர்கள் அடுத்த படியாக இதைத்தான் பார்க்கிறார்கள். கூகுளில் தேடியதுமே கண்ணில் படுவது சி.இ.ஹெச், அதாவது 'சர்டிஃபைடு எத்திக்கல் ஹேக்கர்' சான்றிதழ். கூடவே பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள்.

சி.இ.ஹெச் தேர்வை நடத்துவது இ.சி-கவுன்சில் என்ற அமெரிக்க நிறுவனம். 125 கேள்விகள், 4 மணி நேரம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் பாதுகாப்பில் 2 வருட அனுபவத்தைக் காட்டி, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் மட்டுமே சுமார் ஆயிரம் டாலர். பயிற்சியையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். புரட்டாசியில் உளுந்து விதைத்துவிட்டு மழைக்காக வானம் பார்க்கும் மானாவாரிக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதோடு முடிவதும் இல்லை. 3 வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

அப்படியானால் இது வீண் செலவா? அப்படியும் சொல்லிவிட முடியாது. வேலைக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் சலிப்பவர்கள் பெரும்பாலும் ஹெச்.ஆர் ஆட்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர் சி.இ.ஹெச். அந்தச் சல்லடையில் தங்குவதற்கு அது உதவும். ஆனால், அடுத்த சுற்றில் எதிரே உட்காருபவர் தொழில்நுட்பம் தெரிந்தவர். 'இந்த வெப்சைட்டை எங்கிருந்து சோதிக்க ஆரம்பிப்பீர்கள்?' என்று அவர் கேட்டால், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அங்கே கைகொடுக்காது. சி.இ.ஹெச்சிலேயே 6 மணி நேர செய்முறைத் தேர்வு தனியாக இருப்பது இதற்காகத்தான். ஓ.எஸ்.சி.பி என்ற இன்னொரு சான்றிதழ் இன்னும் கடுமையானது. ஏறக்குறைய 24 மணி நேரம் உட்கார்ந்து, கொடுக்கப்பட்ட கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து காட்ட வேண்டும். பிறகு என்ன செய்தோம் என்று அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் மதிப்பெண் போகும்.

செய்முறை அறிவு என்றால் என்ன என்பதற்கு சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையாவின் கண்டுபிடிப்பு நல்ல உதாரணம். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் போனுக்கு 6 இலக்க எண் ஒன்று வரும், 10 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். 6 இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து தொடர்ந்து முயன்றால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். 'பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்றால்?' என்று யோசித்தார் அவர். ஆயிரம் முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார். தடை விழவில்லை! 5 ஆயிரம் முகவரிகள் இருந்தால் யாருடைய கணக்கையும் திறந்துவிடலாம். வாடகை கம்ப்யூட்டர்களுக்கு ஆகும் செலவு சுமார் 150 டாலர்தான் என்று கணக்கும் போட்டார். ஃபேஸ்புக்கிடம் ஆதாரத்தோடு சொன்னார். ஓட்டை அடைக்கப்பட்டது. 2019 ஜூலையில் விவரம் வெளியானபோது அவருக்குக் கிடைத்திருந்த பரிசு 30 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்சம் ரூபாய். பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் இதே போன்ற ஓட்டையைக் காட்டி, 2021-ல் 50 ஆயிரம் டாலர் பெற்றார்.

தொகையைப் பார்த்ததும் வேலையை விட்டுவிடத் தோன்றும். வேண்டாம். இந்தப் பரிசு சம்பளம்போல மாதாமாதம் வராது. கவனிக்க வேண்டியது அவர் கேட்ட கேள்வியை. நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்பது புரியாதவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

அதைக் கற்க லட்சம் தேவையில்லை. என்.பி.டெல் தளத்தில் ஐ.ஐ.டி கரக்பூர் பேராசிரியர் இந்திரநீல் சென்குப்தா நடத்தும் 12 வார எத்திக்கல் ஹேக்கிங் பாடம் இருக்கிறது. பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமானால், அந்தப் பாடம் நடக்கும் பருவத்தில் பதிவு செய்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான். வெப்சைட் ஓட்டைகளைப் படிக்க போர்ட்ஸ்விக்கரின் 'வெப் செக்யூரிட்டி அகாடமி' முழுக்க இலவசம். லினக்ஸ் பழக 'ஓவர்தவயர்' தளத்தின் பேண்டிட் விளையாட்டு. வீட்டு லேப்டாப்பிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, காலி லினக்ஸையும், வேண்டுமென்றே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிளையும் ஓடவிட்டு இரவெல்லாம் உடைத்துப் பழகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் நெட்வொர்க்கிங், பிறகு லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், அதற்கு மேல் ஹேக்கிங் கருவிகள். நேராகக் கருவிகளுக்குத் தாவுபவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

பழகிய கையோடு ஊர் கூட்டுறவு வங்கியின் வெப்சைட்டையோ, படித்த கல்லூரியின் ரிசல்ட் பக்கத்தையோ 'சும்மா' தட்டிப் பார்க்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் நஷ்டஈடு கொடுக்க நேரும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் 66-வது பிரிவு பாயும். 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொன்னாலும், போலீஸ் ஸ்டேஷன் படியேறிய பிறகு இந்தத் துறையில் வேலை கிடைப்பது கஷ்டம். 'எங்கள் தளத்தைச் சோதிக்கலாம்' என்று விதிகளோடு அறிவித்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் அதில் ஒன்று. தற்செயலாக வேறு எங்காவது ஓட்டை கண்ணில் பட்டால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

இவ்வளவு தூரம் பழகிய பிறகும் சான்றிதழ் வேண்டும் என்று தோன்றினால், பயிற்சி நிலையத்துக்கு முன்பாக உங்கள் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். தேர்வில் பாஸானால் கட்டணத்தைத் திருப்பித் தரும் ஐ.டி நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்குப் பதிலாக எத்தனை மாதம் வேலையை விடக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. சி.இ.ஹெச் தேர்வை வெப்கேம் கண்காணிப்பில் வீட்டிலிருந்தே எழுதவும் வழி இருக்கிறது. கயத்தாறில் எழுதுவதாக இருந்தால், தேதி குறிக்கும் முன்பு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றாலும், அன்றைக்கு ஊரில் கரன்ட் இருக்காது!