ஒருங்கே ஒலிக்கும் குரல்கள்

மொனராகலைத் தோட்டமொன்றின் பிரட்டுக்களத்திலே அனைவரும் ஒருங்கே தத்தம் பெயரைக் கூவின், கணக்கப்பிள்ளை எவரைப் பதிவார்? விடுபட்டவர்க்கோ ஒரு நாட் கூலி போம். வானலை அடையாளச் சில்லுகளுக்கும் இதுவே இடர். பல சில்லுகள் ஒரே கணத்தில் விடை பகரின் அலைகள் மோதிச் சிதையும்.

1970 ஆம் ஆண்டில் ஹாவாய்ப் பல்கலைக்கழகத்து நோமன் ஏப்ரம்சன் வெளியிட்ட 'அலோகா' முறையே தீர்வுக்கு வித்தாயிற்று. அதன் வழிவந்த முறையில், வாசிப்புக் கருவி காலத்தைக் கூறுகளாகப் பகுக்கும். ஒவ்வொரு சில்லும் தற்செயலாய் ஒரு கூற்றைத் தேர்ந்து அதிலே விடை தரும். கூறுகள் குறையின் மோதல் மிகும். மிகின் காலம் வீணாகும். சில்லுகளும் கூறுகளும் எண்ணிக்கையில் ஒத்திருப்பின், ஏறத்தாழ 37 விழுக்காட்டுக் கூறுகள் பயன்தரும், இதுவே உச்சம். சில்லுகளின் தொகை முன்னரே தெரியாமையால், மோதலையும் வெறுமையையும் நோக்கிக் கருவி கூறுகளைக் கூட்டியுங் குறைத்தும் அமைக்கின்றது. பதிவான சில்லு வாய்மூடி நிற்கும். எஞ்சியவை மறுசுற்றிற் பேசும். ஒன்றும் விடுபடாமற் கணக்கு நிறைவது இவ்வாறே.